தனபாலன் வீட்டு வடக்கு

சூரியன் தப்பான பக்கத்தில் உதித்தது.

மாங்காட்டைத் தாண்டி, கல் நட்டுப் பிரித்த மனைகளுக்கு நடுவே, ஜன்னல் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பியிருந்த ஒரு வீட்டுக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். பயிற்சி அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும். காலை வெளிச்சத்தில் எடுத்தால் சுவர் பளிச்சென்று விழும் என்று வகுப்புத் தோழி சொன்னதை நம்பி, ஆவடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன். ஈர சிமென்ட் வாசனை. யாரோ வளர்க்கிற கோழிகள் ஜல்லிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தன.

தெருவில் நின்று வீட்டைப் பார்த்தால் வலது கைப் பக்கம் கிழக்கு. அப்படித்தான் வரைபடத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் போட்டவள் நான். ஆனால் சூரியன் என் இடது கைப் பக்கத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்குச் சூரியன் மேல்தான் சந்தேகம் வந்தது. அந்த அளவுக்கு என் படிப்பின் மேல் நம்பிக்கை.

இரண்டும் இல்லாத படிப்பு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் என்ன படித்தேன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களுக்கு நூறு முறை சொல்லியும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில், கட்டட வரைகலைத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. ‘சிவிலா?’ என்பார்கள். இல்லை. ‘அப்ப ஆர்க்கிடெக்டா?’ அதுவும் இல்லை. ஆர்க்கிடெக்ட் மனசில் நினைப்பார், இன்ஜினியர் கட்டுவார், நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் சொன்னதைக் கோடாகப் போடுகிறவர்கள் நாங்கள். கட்டடம் நன்றாக வந்தால் எங்கள் பெயர் எங்கும் இருக்காது. தப்பாக வந்தால் ‘யாருய்யா டிராயிங் போட்டது?’ என்று முதலில் எங்களைத்தான் தேடுவார்கள்.

எங்களுடையது சாண்ட்விச் முறை. படிப்புக்கு இடையிடையே முழுசாக ஒரு செமஸ்டர் வெளியே போய் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டும். தினமும் டைரி எழுத வேண்டும். முதலாளி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். அதில் அவர் ‘திருப்தி இல்லை’ என்று ஒரு டிக் அடித்தால் செமஸ்டர் போச்சு. ஆறு மாதம் கழித்து வேறு அலுவலகம் தேடி, மறுபடியும் முதலிலிருந்து. அந்த வருடமே நேரடியாக இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங்கில் சேர வேண்டும் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்ததால், அந்த ஒரு டிக் எனக்கு உயிர்.

அந்த டிக் குமரவேல் சார் கையில் இருந்தது.

பிரியாணிக் கடைக்கு மேலே

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் சாருடைய அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஏசிக்கு மேலே ஒரு பிள்ளையார். பதினொரு மணிக்குப் பிரியாணிக்குத் தம் போடும் வாசனை மேலே வர ஆரம்பிக்கும். அதற்கப்புறம் போட்ட கோடுகளுக்கு நான் பொறுப்பில்லை.

சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சத்தம் போடாத மனிதர். என்னை ‘ஏம்மா ஹேமா’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பொரியல் வரும். ஆனால் வீடு கட்ட வருகிற பார்ட்டி முன்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

கல்லூரியில் எங்களுக்குக் கட்டடமும் தட்பவெப்பமும் என்று ஒரு பாடம் இருந்தது. எந்த மாதத்தில் சூரியன் எந்த வழியாகப் போகும், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று வட்டம் வட்டமாக வரைய வேண்டும். வகுப்பிலேயே அதிக மார்க் நான். மேடம் என் தாளை மற்ற பிரிவுகளுக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சார் அலுவலகத்திலோ நான் முதல் மாதம் கற்றுக்கொண்டது, பெரிய பிரிண்டை எப்படி மடித்தால் பெயர்ப் பட்டை மேலே வரும் என்பது. இன்றுவரை பயன்படுகிற கல்வி இரண்டாவதுதான்.

டைரியை ஒவ்வொரு சனிக்கிழமையும் நீட்டுவேன். ஆறு நாளுக்கும் சேர்த்து ஆறு கையெழுத்து, போன் பேசிக்கொண்டே. ஒரு முறை சோதித்துப் பார்ப்பதற்காக ‘இன்று நான் தாஜ்மஹால் கட்டினேன்’ என்று எழுதினேன். அதற்கும் கையெழுத்து விழுந்தது.

குவாட்டர்ஸ் கிச்சன்

தனபாலன் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. ஓய்வு பெற்றால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்த வீடு என்று மாங்காடு பக்கம் மனை வாங்கியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு ‘வாஸ்து பாத்துருங்க சார்’ என்பார். அவர் மனைவி செல்வராணி ஆன்ட்டி அதிகம் பேசவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்குக் கிச்சன்ல காலை வெயிலு விழணும் சார். வேற எதுவும் வேண்டாம். கல்யாணமாகி வந்ததுலேருந்து லைட்டைப் போட்டுத்தான் காபி கலக்குறேன்.”

எனக்கு அது விளங்கியது. நானும் குவாட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டு அடுக்களையும் எதிர் பிளாக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டப்பகலிலும் குண்டு பல்பு எரியும். அம்மா அரிசியில் கல் பொறுக்க வேண்டுமென்றால் முறத்தோடு வாசலுக்கு வந்துவிடுவாள். அந்த வீடுகளை வரைந்தது யார் என்று நான் கேட்டதில்லை. எங்களைப் போல ஒரு டிப்ளமோதான் வரைந்திருக்கும்.

“அக்னி மூலையில கிச்சன் போட்டுடலாம்மா. தென்கிழக்கு. காலை வெயிலுக்குக் காலை வெயில், வாஸ்துவுக்கு வாஸ்து” என்றார் சார். தனபாலன் முகம் மலர்ந்துவிட்டது. ஆன்ட்டியும் சிரித்தார்.

மனையை அளக்க என்னை அனுப்பினார்கள். நல்ல உச்சி வெயில். நிழல் என் காலடியிலேயே கிடந்தது. கிழக்கு எது, மேற்கு எது என்று கேட்பதற்கு அங்கே கோழிகள் மட்டும்தான் இருந்தன. என் போனில் திசை காட்டும் வசதி இல்லை. வடக்கை அலுவலகத்தில் போய்ப் பத்திரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அளவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனையாக இருந்தாலும் ரோடு தாளின் அடிப்பக்கத்தில்தான் வர வேண்டும். பார்ட்டிக்கு அப்போதுதான் புரியும். ஆகவே வடக்கைக் காட்டும் அம்பு மனைக்கு மனை திரும்பும். சார் வைத்திருந்த வெற்றுத் தாளில், மூலையில், மேலே பார்த்தபடி ஓர் அம்பு ஏற்கெனவே இருக்கும். அதைத் திருப்ப வேண்டியது வரைகிறவர் வேலை. அன்றைக்கு நான் அலுவலகம் திரும்பியபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கீழே தம் உடைத்துவிட்டார்கள். அம்பு அப்படியே இருந்துவிட்டது.

ரோடு உண்மையில் வடக்கே. என் தாளின்படி ரோடு தெற்கே. அந்த அம்பை நம்பி சார் அறைகளைப் போட்டார். வீடு மொத்தமும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. காலை வெயில் விழ வேண்டிய அடுக்களை ஜன்னல், மேற்கே பார்த்துத் திறந்தது.

தாளை எல்லோரும் பார்த்தோம். ஐயப்பன்தாங்கலில் ஒரு வாஸ்துக்காரர், வாட்ஸ்அப்பிலேயே பார்ப்பவர், ‘அக்னி மூலையில் அடுப்பு, உத்தமம்’ என்று பதில் போட்டார். செல்வராணி ஆன்ட்டி மட்டும் தாளில் விரலை வைத்து, “கிச்சன் ரோட்டுப் பக்கமாவா வருது? நம்ம மனைக்கு ரோடு வடக்கால்ல?” என்று கேட்டார்.

“பிளான்ல அப்படித்தாம்மா தெரியும்” என்றார் சார்.

“உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு” என்றார் தனபாலன். நான் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் சரியாகப் படம் பார்த்தவர் ஆன்ட்டி ஒருவர்தான்.

நடுவில் மூன்று முறை மனைக்குப் போனேன். ஒரு முறை உச்சி வேளை. இரண்டு முறை ஐப்பசி மழை.

அம்பைத் திருப்பு

அன்று காலை, இடது பக்கம் வந்த சூரியனை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை மேஸ்திரி வந்தார். பல் குச்சியை வாயில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“உங்களுக்குத் தெரியுமா மேஸ்திரி?”

“மார்க்கிங் போட்ட அன்னிக்கே தெரியும். சூரியன் எங்க வருதுன்னு தெரியாம நான் இன்னாத்துக்கு மேஸ்திரி?”

“அப்ப ஏன் சொல்லல?”

“போன தபா ஒரு ஊட்ல படிக்கட்டு இடிக்குது சார்னு சொன்னேன். ‘இன்ஜினியர் நீயா நானா’ன்னாரு. அத்தோட உட்டேன். பேப்பர்ல இன்னா கீதோ அத்தான் போடுவேன். நீ சொல்லிப் பாரு. படிச்சவ சொன்னா கேப்பாரு.”

மறுநாள் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன், அந்தப் பெருமை எனக்கு உண்டு. சார் தாளைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“மேஸ்திரிக்குத் தெரியும் சார்.”

“அவர் பேச மாட்டார்.” பத்திரத்தை மடித்து வைத்தார். “இனிமே வீட்டைத் திருப்ப முடியாது. அம்பைத் திருப்பு.”

கம்ப்யூட்டரில் அதற்கு ஒரே ஒரு கட்டளை. அம்பைத் தொட்டு, நூற்று எண்பது என்று தட்டி, என்டர். ஒரு நொடி. தாள் இப்போது சுத்தமாகச் சரி. புதுத் தாளை சார் ஐயப்பன்தாங்கலுக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது: ‘வாயு மூலையில் அடுப்பு, மத்திமம், தோஷமில்லை.’ கும்பிடுகிற இரண்டு கைகளும் கூடவே வந்தன. தென்கிழக்கு அடுப்பு வடமேற்கே போய்விட்டது; அதே வீடு என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

“சார், ஆன்ட்டி காலை வெயில் கேட்டாங்களே.”

“ஏம்மா ஹேமா, மெட்ராஸ்ல வெயிலுக்கா பஞ்சம்? எந்தப் பக்கம் வந்தாலும் வெயில்தானே.” மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். “உன் மதிப்பீட்டுத் தாள் இங்கதான் இருக்கு. நான் இன்னும் போடல. அடுத்த வாரம் ஞாபகப்படுத்து.”

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. ஞாபகப்படுத்தச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைய டைரியில் எழுதினேன்: ‘வரைபடத்தில் திருத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன்.’

ஆமா ஆன்ட்டி

இரண்டு மூன்று நாள் கழித்து எல்லோரும் மனையில் நின்றோம். மூடாக்குப் போட்ட மத்தியானம். சூரியன் இருந்த இடம் தெரியவில்லை. தனபாலன் பழைய பிரிண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். சார் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

செல்வராணி ஆன்ட்டி அடுக்களைக்குள் போனார். கூரை இல்லாத, தரை போடாத இடம். செங்கல் தூளை மிதித்துக்கொண்டு, அடுப்பு வரப்போகும் இடத்தில் நின்று, ஜன்னல் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார். சாரை அல்ல, கணவரை அல்ல, என்னை.

“ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. இந்தப் பக்கந்தானே கிழக்கு? காலைல வெயிலு இதுல வரும்ல?”

சார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ‘இல்ல ஆன்ட்டி’, இரண்டே வார்த்தை. கூரை இன்னும் போடவில்லை. அடுக்களையையும் பின்பக்க அறையையும் மாற்றிக்கொள்ள அப்போதும் வழி இருந்தது. இரண்டு சுவரை இடிக்க வேண்டும், சார் முகத்தில் கரி பூச வேண்டும், நான் ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டும். நான் அந்த ஆறு மாதத்தைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

“ஆமா ஆன்ட்டி” என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தொட்டு, கையை நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை சார் மதிப்பீட்டுத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’. ‘நேர்மை’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதிலும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஆசிரியர் என் அறிக்கையைப் புரட்டினார். தனபாலன் வீட்டுத் தாளில் நின்றார். “பல பேரு வடக்கை மேலேயே வெச்சுட்டு வந்துடறாங்க. நீ மனைக்குத் தகுந்த மாதிரி திருப்பிப் போட்டிருக்கே. வெரிகுட்” என்றார். எனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது.

சாயந்திரமா வா

கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். ஒரு மாதம் கழித்து ஆன்ட்டியே போன் செய்தார். “வீட்டைப் பாக்க வரவே இல்லையே. ஒரு நாள் வா. சாயந்திரமா வா.”

நாலு மணிக்குப் போனேன். தனபாலன் ஃபேக்டரியில் இருந்தார். ஆன்ட்டி காபி தரவில்லை, உட்காரச் சொல்லவில்லை. நேராக அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலில் ஒரு பழைய போர்வை, துணி கிளிப் போட்டுத் தொங்கியது. உள்ளே குண்டு பல்பு இல்லை, டியூப் லைட் எரிந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

“மார்க் வந்துச்சா?”

“வந்துச்சு ஆன்ட்டி.”

“காலேஜ் சேந்துட்டியா?”

“சேந்துட்டேன்.”

“அப்ப இனிமே கேக்கலாம்.” என் முகத்தைப் பார்த்தார். “ஏன் பொய் சொன்ன?”

நான் ஜன்னல் போர்வையைப் பார்த்தேன்.

“கூரைக்குத் தண்ணி ஊத்த விடிகாலைல வந்தேன். மொட்டை மாடில நின்னா சூரியன் அந்தாண்ட வருது. கண்ணு தெரியாதவளா நான்? மேஸ்திரியக் கேட்டேன். சொன்னாரு. அன்னைக்கே உங்க சார் ஆபீசுக்கு வந்து சட்டையப் பிடிச்சிருப்பேன். மேஸ்திரிதான், ‘போனா அந்தப் பாப்பா தலைல கட்டிருவாரும்மா, அதுக்கு வருஷம் பூடும்’னாரு. கூரையும் போட்டாச்சு. சரி, ஒரு பொண்ணாவது தப்பிக்கட்டும்னு விட்டேன்.”

“அங்கிளுக்கு…”

“அவருக்கும் தெரியும். குவாட்டர்ஸ் பூரா அக்னி மூலைன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. இப்ப எப்படி மாத்திச் சொல்றது? நாங்க ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கோம்.”

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்வையை இழுத்து மடித்தார்.

வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. அடுப்பு, மேடை, எண்ணெய்த் தூக்கு, எல்லாம் தகதகவென்று எரிந்தன. மேடைக் கல்லைத் தொட்டேன், சுட்டது.

“அழுது என்ன ஆகப்போகுது? மேல ஒரு சன்ஷேடு நீட்டிப் போடணும். எவ்வளவு நீட்டணும், பக்கத்துல மறைப்பு வேணுமான்னு நீ வரைஞ்சு குடு. உங்க சார் வேண்டாம். நீ வரை.”

“அளந்துட்டுப் போய் வரைஞ்சு அனுப்பறேன் ஆன்ட்டி.”

“அளந்துட்டுப் போறதெல்லாம் போன தடவை பண்ணியாச்சு.” என் தோளைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். “இங்க நில்லு. நான் தினம் இங்கதான் நிக்கிறேன். வெயிலு எது வரைக்கும் வருது, எப்பப் போகுதுன்னு பாரு.”

நின்றேன். முதலில் அது கழுத்தில் இருந்தது. சுவரில் அதன் விளிம்பைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் மணி எழுதினேன். பிறகு முகத்துக்கு வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வியர்வை முதுகில் வழிந்து சுடிதாரை நனைத்தது. எண்ணெய்த் தூக்கின் நிழல் மேடை மேல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு கோடு போட்டேன்.

ஆன்ட்டி வாசற்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை எழுந்து வந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை நின்று, சொம்பை வாங்கிக்கொண்டு போனார். நகர்ந்துகொள் என்று சொல்லவில்லை. ஆறு மணி வரை நான் அங்கேயே நின்றேன்.